பனகல் சாலையில் கஞ்சி ஊற்றும் ஐயாவுக்கு நன்றி

ஐயா, எத்தனை முறை கேட்டும் நீங்கள் பெயரைச் சொல்லவில்லை. அதனால் இப்படித்தான் நன்றி சொல்ல முடிகிறது.

நினைவு தப்பி வீட்டைவிட்டுப் போன எங்கள் பெரியப்பா, மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை அருகே நடைபாதையில் கிடந்திருக்கிறார். காலில் புண். அதை வெந்நீரில் கழுவி, மருந்து வைத்துக் கட்டி, நகம் வெட்டி, சட்டைப்பையில் நைந்துபோயிருந்த ரசீதில் எங்கள் எண்ணைக் கண்டுபிடித்து அழைத்தீர்கள். நாங்கள் ஓடிவந்தபோது கஞ்சியை ஆற்றி ஆற்றி ஊட்டிக்கொண்டிருந்தீர்கள்; எங்களைப் பார்த்தும் கை நிற்கவில்லை. தொட்டுக்கொள்ள நாரத்தங்காய் ஊறுகாய் வேறு! வீட்டில்கூடப் பெரியப்பா அவ்வளவு சமர்த்தாகச் சாப்பிட்டதில்லை.

பணம் நீட்டினேன். வாங்க மறுத்துவிட்டீர்கள். 1867-இல் வடலூர் தருமசாலையில் வள்ளலார் மூட்டிய அடுப்பு இன்றும் அணையாமல் எரிகிறது, அதை நம்பித்தான் இங்கே பானை வைக்கிறேன் என்றீர்கள். நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு பசித்தவரைத் தாண்டிப் போகிறவர்கள் (நானும் உண்டு) நடுவே இப்படி ஒரு பக்தி!

"கொடுப்பதானால் அரிசியாகக் கொடுங்கள் தம்பி" என்றீர்களே, ஒரு மூட்டை எடுத்து வைத்திருக்கிறோம். வெள்ளிக்கிழமை காலை கொண்டுவருகிறோம். பெரியப்பாவும் வருவேன் என்கிறார்.