சோறு கிடைக்கிறது, துணைதான் இல்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மார்கழி பிறந்தால் உங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில் கம்பளி வழங்கும் படங்கள் வரத் தொடங்கிவிடும். கோயில் நற்பணி மன்றம், பங்குக் கோயில் அன்பியம், ஜமாஅத் இளைஞர்கள் என்று எல்லோரும் கொடுக்கிறார்கள். நல்ல காரியம், அதைக் குறை சொல்லவில்லை. கும்பகோணத்தில் கோயில்களைச் சுத்தம் செய்யும் ஓர் உழவாரப்பணிக் குழுவில் நானும் இருக்கிறேன். பிராகாரத்தில் புல் செதுக்கும் இந்தக் கைகளில் சிலவாவது, கோயில் வாசலில் படுத்திருக்கிறவர்களை அங்கிருந்து எழுப்பி ஒரு வீட்டுக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கும் வேலைக்குத் திரும்ப வேண்டும். அதற்காகத்தான் எழுதுகிறேன்.

காவிரிக் கரையில் கோயிலை நம்பி வந்தவருக்கு மதியச் சோறு அநேகமாகக் கிடைத்துவிடும். கோயில்களில் அரசின் அன்னதானத் திட்டம் 2002-இல் வந்தது. ஸ்ரீரங்கத்தில் 2012 முதல் நாள் முழுக்கவே போடுகிறார்கள். நாகூருக்கும் வேளாங்கண்ணிக்கும் போகிறவர்கள் கையில் இருப்பதைப் பகிராமல் திரும்புவதில்லை. அப்படியிருந்தும் மகாமகக் குளத்தின் கரையில் படுக்கிறவர்கள் வருடக்கணக்காக அங்கேயே படுக்கிறார்கள். வயிறு நிறைந்த பிறகு அவர்களுக்கு என்ன வேண்டும் என்று நாம் யாரும் உட்கார்ந்து கேட்பதில்லை.

எனக்குத் தெரிந்த ஒருவர் கல்யாண சமையலில் எடுபிடியாக இருந்தவர். கொதிக்கும் சாம்பார் காலில் கொட்டி, புண் ஆறாமல் வேலை போனது. கொஞ்ச நாளில் வாடகை அறையும் போனது. பையோடு ஆதார் அட்டை திருட்டுப் போனது. அட்டை இல்லாமல் ஓய்வூதியம் இல்லை, வங்கிக் கணக்கு இல்லை, லாட்ஜில் ஒரு ராத்திரி அறைகூட இல்லை. அவருக்கு எத்தனையோ பேர் கம்பளி கொடுத்திருக்கிறார்கள். ஆதார் சேவை மையத்துக்கு அழைத்துப் போனவர் எங்கள் குழுவில் ஒரே ஒரு தம்பிதான். அடுப்பில் வெந்து தேய்ந்த விரல்களில் ரேகை விழவில்லை. கருவிழியை வைத்துப் பழைய எண்ணைக் கண்டுபிடித்தார்கள். அப்புறம் புண்ணுக்கு மருத்துவமனை. முதல் தடவை அவர் தனியாகப் போனபோது, அட்டெண்டர் இல்லாமல் சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பியிருந்தார்கள். தம்பியும் இன்னும் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அட்டெண்டராக இருந்தார்கள். அவர் இன்று ஒரு சமையல் கான்ட்ராக்டரிடம் உட்கார்ந்தபடி காய் நறுக்குகிறார், ஓட்டு வீட்டில் ஓர் அறையும் பிடித்துவிட்டார். எல்லோருக்கும் இப்படி அமைவதில்லை. இதே மாதிரி நாங்கள் துணை நின்ற இன்னொருவர் குடியை விட முடியாமல் திரும்பவும் கரைக்கே வந்துவிட்டார். அவரையும் போய்ப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இந்த வேலைக்குப் பெரிய பணம் தேவையில்லை. தாலுகா அலுவலகத்தில் காத்திருக்க ஆள் வேண்டும், ஓபி சீட்டு எடுக்க ஆள் வேண்டும், அடுத்த வாரமும் அதே முகம் வர வேண்டும். அது சொந்தக்காரர்கள் செய்கிற வேலை. சொந்தம் விட்டுப்போனவருக்கு அதைச் செய்ய, பக்தியால் கூடிய ஒரு குழுவைவிடப் பொருத்தமானவர்கள் யார்? கூலி எதிர்பார்க்காமல் வாராவாரம் வருகிற பழக்கம் அவர்களுக்கு ஏற்கனவே இருக்கிறது. கத்தோலிக்கப் பங்குகளில் வின்சென்ட் தே பால் சபையார் ஏழைகளை வீடு தேடிப் போய்ப் பார்ப்பதை 1833-இல் பாரீசில் சபை தொடங்கிய நாளிலிருந்தே கடமையாக வைத்திருக்கிறார்கள். பள்ளிவாசல்களின் பைத்துல்மால் என்ற பொது நிதியில் உதவி கேட்டு வருகிறவரின் நிலையை விசாரித்துவிட்டுத்தான் கொடுக்கிறார்கள். அப்பர் சுவாமிகள் ஏந்திய உழவாரத்தைக் கையில் எடுத்த நமக்கும் இது அன்னியமான வேலை இல்லை. பஞ்சம் வந்தபோது திருவீழிமிழலையில் இறைவன் தினமும் தந்த படிக்காசை வாங்கி மடத்தில் அடியார்களுக்கு அமுது படைத்தவர் அவர்.

தஞ்சை மண்ணில் இதற்குப் பழைய முன்மாதிரியும் உண்டு. இரண்டாம் சரபோஜி மன்னர் 1801-இல் ரெசிடெண்ட் எனப்பட்ட ஆங்கிலேயப் பிரதிநிதிக்கு எழுதிய கடிதத்தில் சத்திரங்கள் எப்படி நடந்தன என்று விவரிக்கிறார். எந்தச் சாதியாரானாலும் சோறு உண்டு. நோய்ப்பட்டவருக்குக் குணமாகும்வரை மருந்தும் பத்தியமும் உண்டு. அனாதைக் குழந்தைகளுக்குப் படிப்பு உண்டு. ஒரத்தநாட்டில் முக்தாம்பாள் சத்திரம் அடுத்த ஆண்டே எழுந்தது. சோற்றோடு வைத்தியரும் வாத்தியாரும் இருந்த இடம்தான் சத்திரம். நாம் சோற்றை மட்டும் பிடித்துக்கொண்டு மற்றதை விட்டுவிட்டோம்.

முதியவர்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அமாவாசைக் கூட்டம் கலைந்த பிறகு படித்துறையில் தனியாக உட்கார்ந்திருக்கும் மூதாட்டிகளைப் பார்த்திருக்கிறோம். ஊரைக் கேட்டால் சிலர் தெரிந்தே சொல்ல மாட்டார்கள். மகனுக்குக் கெட்ட பெயர் வந்துவிடுமாம்! பெற்றோரைக் கைவிடுவது 2007-ஆம் ஆண்டுச் சட்டப்படி மூன்று மாதச் சிறையோ 5,000 ரூபாய் அபராதமோ விதிக்கக்கூடிய குற்றம். ஆர்டிஓ (வருவாய்க் கோட்டாட்சியர்) தலைமையிலான தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகையும் கேட்கலாம். ஆனால் வழக்கு என்றதும் அந்த அம்மாக்கள் எழுந்து போய்விடுகிறார்கள். அதனால் முதலில் பேச்சுத் துணை, பிறகு முதியோர் ஓய்வூதியம் (2023-இல் மாதம் 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள்), மற்றதெல்லாம் அவர்கள் விருப்பம். 14567 என்ற முதியோர் உதவி எண்ணைக் கோயில் சுவரில் எழுதி வைப்பதற்கும் பெரிய செலவில்லை.

மனம் பிறழ்ந்து அலைகிறவர்கள் விஷயத்தில் பக்தி மட்டும் போதாது. ஏர்வாடியில் 2001 ஆகஸ்ட் 6 அன்று தனியார் மனநலக் காப்பகம் ஒன்றில் சங்கிலியால் கட்டப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகியதை நாம் மறந்துவிடக் கூடாது. தாயத்தும் திருநீறும் ஜெபமும் நம்பிக்கை தரட்டும், கூடவே மாத்திரையும் வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் இவர்களைப் பாதுகாத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோகும் கடமையைக் காவல் துறைக்குத் தந்திருக்கிறது. வீடில்லாதவர் என்றால் காணாமல் போனவர் என்று முதல் தகவல் அறிக்கையும் பதிய வேண்டும். அந்த அறிக்கையால் எங்கோ தேடிக்கொண்டிருக்கும் குடும்பத்துக்குத் தகவல் போய்ச் சேரலாம். ஸ்டேஷனில் பொறுமையாக இதை எடுத்துச் சொல்ல ஊரில் நான்கு பேர் இருந்தால் போதும்.

இன்னொன்று. உதவிக்கு விலையாக யாரையும் நம் சாமியைக் கும்பிடச் சொல்லக் கூடாது. படுத்திருப்பவர் எந்த மதம், நாளை எந்த மதத்தில் இருப்பார் என்பது நமக்குக் கணக்கே இல்லை. அந்தச் சந்தேகம் எழுந்தாலே அவர் நம்மை நம்ப மாட்டார்.

அடுத்த மகாமகம் 2028-இல் வருகிறது. அதற்கான ஏற்பாடுகளில் சாலை, கழிப்பறை, படித்துறை பற்றிப் பேசுவார்கள். கரையில் படுப்பவர்களைத் திருவிழா முடியும்வரை வேனில் ஏற்றி எங்கோ விட்டுவரும் யோசனை எழாமல் இருக்க வேண்டுமே என்று எனக்குக் கவலை. நகரங்களில் ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு வீடில்லாதவர்களுக்கான ஒரு காப்பகம், அது ஆண்டு முழுவதும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே சொல்லிவிட்டது. கட்டடம் அரசு தரட்டும். ராத்திரி அங்கே உட்கார்ந்து பேச ஆள் நாம் தரலாம்.

கடைசியாக உங்களிடம் ஒரு வேண்டுகோள், ஐயா. கம்பளி வாங்குகிறவரின் முகம் தெரியும் படத்தைத் தயவுசெய்து போடாதீர்கள். ஊரில் பிள்ளைகளிடம் வெளியூரில் வேலை பார்ப்பதாகச் சொல்லிவிட்டு வந்து படித்துறையில் படுப்பவர்கள் இருக்கிறார்கள். படம் வந்துவிட்டால் அவர்கள் வீடு திரும்பும் வழி அடைபடுகிறது. கொடுத்தவர்கள் படத்தை வேண்டுமானால் போடுங்கள். அதோடு, அடுத்த வாரம் அவரை மருத்துவமனைக்கோ தாலுகா ஆபீசுக்கோ யார் அழைத்துப் போகப்போகிறார்கள் என்று உங்கள் நிருபரை அவர்களிடம் கேட்கச் சொல்லுங்கள். கிடைக்கிற பதிலையும் செய்தியிலேயே போடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
மேலக்காவேரி, கும்பகோணம்