அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்

பீன்யா, பெங்களூரு
ஞாயிறு இரவு

அன்பு மகள் பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய இரண்டு கொட்டேஷனையும் கண்ணாடி போட்டுக்கொண்டு மூன்று தடவை படித்தேன். திருப்பூரில் சொந்தமாகத் தையல் யூனிட் போடப்போகிறாய் என்று அம்மா தெருவுக்கே சொல்லிவிட்டாள். எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருக்கிறது. ஆனால் பழைய கிளட்ச் மோட்டார் மிஷின் பன்னிரண்டை எடுக்கப்போவதாகவும், புதன்கிழமை அட்வான்ஸ் கொடுப்பதாகவும் எழுதியிருக்கிறாயே, அதைப் பார்த்ததிலிருந்து தூக்கம் வரவில்லை. ஃபோனில் சொன்னால் பாதியில் "சரிப்பா சரிப்பா" என்பாய். அதனால்தான் எழுதுகிறேன்.

சர்வோ மோட்டார் வைத்த மிஷினுக்கு நாலாயிரம் ரூபாய் கூடக் கேட்கிறார்கள். பன்னிரண்டுக்கு 48,000. கையில் காசு இல்லாதபோது அது பெரிய தொகை, மறுக்கவில்லை. ஆனால் கிளட்ச் மோட்டார் எப்படி ஓடுகிறது என்று உனக்கே தெரியும். சுவிட்சைப் போட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை அது சுற்றிக்கொண்டே இருக்கும். பெடலை மிதித்தால்தான் ஊசி இறங்கும், மோட்டார் மட்டும் நிற்காது. தைக்கிறவர் துணியை எடுப்பார், மடிப்பார், ஓரம் சேர்ப்பார், நூல் மாற்றுவார். பத்து மணி நேர ஷிஃப்டில் ஊசி ஓடுவது மூன்று மணி நேரம் இருந்தால் அதிகம். மீதி ஏழு மணி நேரம் மோட்டார் சும்மா சுற்றும், மீட்டரும் கூடவே சுற்றும். சர்வோ அப்படியில்லை. கால் எடுத்தால் நின்றுவிடும்.

கணக்குப் போட்டேன். சும்மா சுற்றும்போது ஒரு மோட்டார் 200 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள். ஏழு மணி நேரத்துக்கு 1.4 யூனிட் கரண்டு. பன்னிரண்டு மிஷினுக்கு நாளைக்கு 16.8 யூனிட். மாதம் 26 நாள் என்றால் 436 யூனிட் சொச்சம். யூனிட் எட்டு ரூபாய் என்றால் மாதம் 3,500 ரூபாய், ஒரு தையல்கூடப் போடாமல் போகிற காசு. பதினாலு மாதத்தில் அந்த 48,000 திரும்பிவிடும். அதற்கப்புறம் வருவதெல்லாம் உன்னுடையது. பீஸுக்கு ஐந்து ரூபாய் நிற்கும் என்றாயே, 3,500 ரூபாய் சம்பாதிக்க நீ மாதம் 700 பீஸ் கூடத் தைக்க வேண்டும். அதற்கு ஆர்டர் பிடிக்க வேண்டும், ஆள் வேண்டும், பார்ட்டி நேரத்துக்குப் பணம் தர வேண்டும். மிச்சம் பிடிக்கிற கரண்டுக்கு யாரிடமும் போய் நிற்க வேண்டியதில்லை.

இதையெல்லாம் நான் பட்டபிறகுதான் தெரிந்துகொண்டேன். இங்கே லேத் ஷெட் போட்டுப் பல வருஷம் கரண்டு பில் என்றால் வாடகை மாதிரி, வந்ததைக் கட்டியே ஆக வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன். நீ பத்தாவது படிக்கும்போது ஒரு ஆயுத பூஜைக்கு முந்தின நாள். லேத், டிரில்லிங், கிரைண்டர் எல்லாவற்றையும் நிறுத்தித் துடைத்துக்கொண்டிருந்தோம். மூலையில் இருக்கிற தூளை ஊதுவதற்காக கம்ப்ரஸர் மட்டும் ஆனில் இருந்தது. பையன்கள் டீ குடிக்கப் போனார்கள். ஷெட் அவ்வளவு அமைதியாக இருந்து நான் கேட்டதே இல்லை. அந்த அமைதியில் "ஸ்ஸ்ஸ்" என்று ஒரு சத்தம். தலைக்குமேல் ஒன்று, டிரில்லிங் பக்கம் ஒன்று, கதவோரம் இன்னொன்று. யாரும் காற்றைத் தொடவில்லை, ஆனால் கம்ப்ரஸர் தானாக ஓடுவதும் நிற்பதுமாக இருந்தது. வாட்ச்சைப் பார்த்தேன். இரண்டு நிமிஷம் ஓடுகிறது, ஆறு நிமிஷம் நிற்கிறது. எட்டு நிமிஷத்தில் இரண்டு! கம்ப்ரஸர் தருகிற காற்றில் சரியாகக் கால் பங்கு ஓட்டை வழியாகப் போய்க்கொண்டிருந்தது. 5 ஹெச்பி கம்ப்ரஸர், பாப்பா. நாளைக்கு ஒன்பது யூனிட். எத்தனை வருஷமாகப் போனதோ, நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

சோப்புத் தண்ணியைப் பூசினோம். நுரை வந்த இடமெல்லாம் ஓட்டை. கப்ளிங், ஹோஸ் கிளிப், ஒரு பால் வால்வு, எல்லாம் சேர்த்து ஆயிரம் ரூபாய்கூட ஆகவில்லை. காற்றின் பிரஷரையும் சதுர சென்டிமீட்டருக்கு எட்டு கிலோவிலிருந்து ஆறுக்கு இறக்கினேன், எங்கள் வேலைக்கு அது தாராளம். ஒரு கிலோ குறைத்தாலே கம்ப்ரஸர் இழுக்கிற கரண்டில் நூற்றுக்கு ஆறு, ஏழு குறையும். உன் பட்டன் மிஷினுக்கும் காற்று வேண்டுமே, லைன் போடுகிற அன்றே இந்தச் சோதனையைச் செய்துவிடு.

அதற்கப்புறம்தான் பில்லை வரி வரியாகப் படிக்க ஆரம்பித்தேன். பவர் ஃபேக்டர் குறைவு, அதாவது இழுக்கிற கரண்டு முழுக்க வேலையாக மாறவில்லை என்று ஒரு அபராதம் பல மாதமாகக் கட்டியிருக்கிறேன், கெபாசிட்டர் போட்டதும் அது நின்றது. மூன்று தடவை ரீவைண்டிங் செய்த லேத் மோட்டாரைக் கழற்றிவிட்டுப் புதிதாக, கரண்டு குறைவாக இழுக்கிற ஐஇ3 ரக மோட்டார் போட்டேன். பழைய மோட்டாரில் கை வைக்க முடியாது, அவ்வளவு சூடு. அந்தச் சூடெல்லாம் நான் காசு கொடுத்து வாங்கிய கரண்டு. மாதம் 14,000 வந்த பில் பத்துக்குக் கீழே வந்தது. உன் கடைசி இரண்டு வருஷ ஹாஸ்டல் பணம் அதிலிருந்துதான் கட்டினேன். உன்னிடம் இதுவரை சொன்னதில்லை.

உன் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் இறங்கினவர். சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து தங்கவயலுக்கு 1902-லேயே கரண்டு வந்துவிட்டது. பெங்களூரு தெருவில் விளக்கு எரிய 1905 ஆனது. அந்தப் பெருமையை அவர் சாகும்வரை சொல்வார். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்திலிருந்து தண்ணீரை இறைக்க வேண்டும், கீழே காற்றை அனுப்ப வேண்டும், ஆளை ஏற்றி இறக்க வேண்டும். 2001 பிப்ரவரி 28-ல் சுரங்கத்தை மூடினபோது உள்ளே தங்கம் சுத்தமாகத் தீர்ந்துவிடவில்லை. எடுக்கிற செலவு கட்டுப்படியாகவில்லை. தங்கவயலிலிருந்து வருகிற மாரிக்குப்பம் ரயிலில் வேலை தேடி இங்கே வந்தவர்களில் நானும் ஒருத்தன். செலவு வரவைத் தாண்டினால் என்ன ஆகும் என்பதை நம் ஊரே பார்த்தது. அதனால்தான் உன் கொட்டேஷனைப் பார்த்ததும் இவ்வளவு பதறினேன்.

மற்றதெல்லாம் சின்ன விஷயம். பழைய டியூப்லைட் சோக்கோடு ஐம்பது வாட் இழுக்கும், எல்இடி இருபது. அதையும் கூரையில் மாட்டாதே, டேபிளுக்கு மேலே தாழ்வாகத் தொங்கவிடு, பாதி விளக்கு போதும். தைக்கிற பெண்களுக்குக் கண்ணும் வலிக்காது. ஃபேன் பிஎல்டிசி மோட்டார் வைத்ததாக வாங்கு, கரண்டு குறைவாக இழுக்கும், 75 வாட் ஃபேன் செய்கிற வேலையை முப்பதில் செய்யும். 2023 ஜனவரியிலிருந்து சீலிங் ஃபேனுக்கும் ஸ்டார் லேபிள் கட்டாயம், பார்த்து வாங்கு. அயர்னிங் பக்கம் ஸ்டீம் பைப்புக்கு உறை போட்டுவிடு. வெயில் காலத்தில் தகரக் கூரைக்குக் கீழே பன்னிரண்டு பேர் உட்காரப்போகிறார்கள். சும்மா சுற்றுகிற மோட்டாரின் சூடும் அவர்கள் மேல்தான் இறங்கும். மதியத்துக்கு மேல் கை ஓடாமல் போவதற்கு அதுவும் ஒரு காரணம்.

48,000-ல் இருபது என்னிடம் இருக்கிறது. மீதிக்கு ஆறு மிஷினோடு ஆரம்பித்தாலும் தப்பில்லை, பிறகு சேர்த்துக்கொள்ளலாம். என் 200 வாட் கணக்கையும் அப்படியே நம்பாதே. சனிக்கிழமை ராத்திரி ரயிலுக்கு டிக்கெட் போட்டுவிட்டேன், கரண்டு அளக்கிற மீட்டரைக் கொண்டுவருகிறேன். அந்தக் கடையில் ஒரு கிளட்ச் மிஷினையும் ஒரு சர்வோ மிஷினையும் பக்கத்தில் வைத்து, ஒரு மணி நேரம் ஒரே தையலைத் தைத்துப் பார்ப்போம். எது எவ்வளவு இழுக்கிறது என்று நீயே எழுதிக்கொள். அதுவரைக்கும் அட்வான்ஸ் கொடுக்காதே.

அம்மா முருங்கைக்கீரைப் பொடி அரைத்து வைத்திருக்கிறாள். எடுத்து வருகிறேன்.

அன்புடன்
அப்பா