பென் நெவிஸில் கை கொடுத்தவர்களுக்கு

சென்ற ஜூனில் ஒரு சனிக்கிழமை, ஸ்காட்லாந்தின் கார்ன் மோர் ஜெரக், பென் நெவிஸ் மலைகள் இரண்டையும் ஒரே நாளில் ஏறி இறங்கினேன். இறங்கினேன் என்பதைவிட, பத்திரமாக இறக்கிவிட்டார்கள் என்பதே சரி. அவர்களில் ஒருவர் பெயரைக்கூட நான் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை. அதனால்தான் இப்படிப் பொதுவில் எழுதுகிறேன்.

டார்லண்டி கார் நிறுத்தத்தில் பார்த்த பெரியவருக்கு முதல் நன்றி. மலையின் பெயரை நான் எழுத்துக்கூட்டி 'டியார்க்' என்று படிக்க, "ஜெரக்" என்று திருத்தினீர்கள். கேலிக் மொழியில் சிவப்பு என்று பொருளும் சொன்னீர்கள். மேலே செந்நிறக் கற்களைப் பார்த்தபோது உங்கள் ஞாபகம் வந்தது. "கையுறை இருக்கிறதா?" என்றும் கேட்டீர்கள். ஜூன் மாதத்தில் எதற்கு என்று மனசுக்குள் சிரித்துக்கொண்டேன். மன்னியுங்கள்.

கார்ன் மோர் ஜெரக்கின் 1,220 மீட்டர் உச்சி வரை மூச்சு வாங்கியதே தவிர, பயமில்லை. அங்கிருந்து பென் நெவிஸை நோக்கி வில்லாக வளைந்து போகும் கல்முகடுதான் என்னை உட்கார வைத்துவிட்டது. இரண்டு பக்கமும் சரிவு, நடுவே தாறுமாறாகக் கிடக்கும் பாறைகள், குறுக்கே காற்று. விரல்கள் மரத்துப்போய், கல்லைப் பிடித்திருக்கிறேனா என்பதே தெரியவில்லை. பின்னால் வந்த தம்பதியே, நீங்கள் என்னைத் தாண்டிப் போயிருக்கலாம். அம்மா, நீங்கள் உங்கள் நீலக் கம்பளிக் கையுறைகளைக் கழற்றி, குழந்தைக்குப் போடுவதுபோல் எனக்கு விரல் விரலாக மாட்டிவிட்டீர்கள். பையிலிருந்த மாற்றுக் காலுறைகளை உங்கள் கைகளில் இழுத்துக்கொண்டீர்கள். "அடுத்த கல்லை மட்டும் பாருங்கள். நிற்க முடியாவிட்டால் குதிரைமேல் உட்காருவதுபோல் உட்கார்ந்தே நகருங்கள், யாரும் சிரிக்க மாட்டார்கள்" என்றீர்கள். பாதி முகட்டை அப்படித்தான் கடந்தேன். கால்சட்டையின் பின்பக்கம் கிழிந்தது தனிக்கதை.

பென் நெவிஸ் உச்சி, 1,345 மீட்டர். ஒன்றும் தெரியாத மூடுபனி. 1883 முதல் 1904 வரை அங்கே குளிர்காலத்திலும் ஆட்கள் தங்கி வானிலையைக் குறித்து வந்தார்களாம். எனக்கு அரை மணி நேரமே போதும் என்றாகிவிட்டது. போன் குளிரில் அணைந்துவிட, திசைகாட்டியோடு வந்த கல்லூரி மாணவி என்னையும் சேர்த்துக்கொண்டார். 231 பாகையில் 150 மீட்டர், அப்புறம் 282 பாகை. வலப்பக்கம் கார்டிலூ பிளவு, இடப்பக்கம் ஐந்துவிரல் பள்ளம். இரண்டிலும் விழாமல் போக அந்தக் கணக்கு. தங்கையே, நீங்கள் அடிகளை உரக்க எண்ணிய குரல் இன்னும் காதில் இருக்கிறது.

கார் நின்றது டார்லண்டியில். முழங்கால் வலியோடு நான் போய்ச் சேர்ந்தது மலையின் மறுபக்கம், கிளென் நெவிஸ் பள்ளத்தாக்கில். என் கோலத்தைப் பார்த்து, இருக்கையில் செய்தித்தாளை விரித்து, கார் வரை கொண்டுவிட்டவருக்கும் நன்றி. சம்பளமின்றி ஓடிவரும் லோகாபர் மலை மீட்புக் குழுவினரே, நல்லவேளை உங்களை அழைக்க நேரவில்லை. உங்கள் உண்டியலில் என் பங்கைச் சேர்த்துவிட்டேன்.

அம்மா, கீழே இறங்கிய பிறகுதான் கவனித்தேன், கையுறைகள் என் கையிலேயே இருந்தன. துவைத்துக் காயவைத்து, கதவருகே மாட்டியிருக்கிறேன்.