எந்த அலுவலகமும் கேட்காத மொழி

வலென்சியா, ஸ்பெயின்
புரட்டாதி மாதம்

அன்பின் அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நான் நலம். நீங்களும் தங்கச்சி குடும்பமும் நலமாக இருக்க வேண்டுகிறேன். சிறுபோக நெல் விற்று முடிந்ததா, இரணைமடுக் குளத்தில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்று அன்று தொலைபேசியில் கேட்கத் தொடங்கும்போதே தொடர்பு அறுந்துவிட்டது. ஆறுதலாகச் சொல்ல நிறைய இருப்பதால் கடிதமாகவே எழுதுகிறேன்.

இந்த விடுமுறைக்கு ஊருக்கு வராதது அம்மாவுக்கு மனவருத்தம் என்று தெரியும். தைப்பொங்கலுக்குக் கட்டாயம் வருவேன். இங்கே காலையில் ஸ்பானிய மொழி வகுப்பு, பிறகு ஊர் சுற்றல். "லீவு எடுத்து, காசும் கட்டிப் படிப்பா?" என்று அம்மா கேட்டீர்கள்.

அம்மா, சிங்களம் எனக்கு வந்தது சோதனைச் சாவடி வரிசைகளில். அடையாள அட்டையை நீட்டியபடி, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லப் பழகிய மொழி அது. ஜேர்மன் மொழியைச் சுவிஸில் வேலைக்காகவும் குடியுரிமைக்காகவும் படித்தேன். பேச்சில் பி1 என்ற இடைநிலைத் தரம் காட்ட வேண்டும் என்பதால் வேலை முடிந்து வந்து கண் எரிய எரியப் படித்தேன். இரண்டும் எனக்குச் சோறு போட்டன. அந்த நன்றி இருக்கிறது. ஆனாலும் அவற்றில் வாய் திறக்கும்போதெல்லாம் எதிரில் இருப்பவர் புள்ளி போடுகிறாரோ என்ற பதற்றம் இன்னும் விட்டபாடில்லை. ஸ்பானிய மொழியை என்னிடம் எந்த அலுவலகமும் கேட்கவில்லை. ஆசைப்பட்டேன், படிக்கிறேன். வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு மொழியைப் பயமில்லாமல் பேசுகிறேன்.

அது தமிழருக்கு அவ்வளவு தூரத்து மொழியும் இல்லை. 'ஆப்லோ' என்றால் பேசுகிறேன், 'ஆப்லாஸ்' என்றால் பேசுகிறாய். யார் பேசுவது என்று வினைச்சொல்லின் வாலே சொல்லிவிடுவதால் நான், நீ என்று தனியாகச் சொல்லத் தேவையில்லை. நீ, நீங்கள் என்ற மரியாதை வேறுபாடும் உண்டு. சோறு பிடிக்கும் என்பதற்கு 'மெ குஸ்தா எல் அர்ரோஸ்' என்கிறார்கள். நாம் சொல்வதைப் போலவே 'எனக்கு'ப் பிடிக்கும் என்ற அமைப்பு. பக்கத்தில் இருக்கும் ஆங்கிலேயப் பெண் 'நான்' என்று தொடங்கித் தொடங்கி நிறுத்துவாள். எனக்கு அது தானாக வருகிறது. ஸ்பானிய 't' நம் தகரம்தான், பல்லில் நாக்கு பட்டால் போதும். நாக்கு நுனி அதிர நீட்டிச் சொல்லும் ரகரத்துக்குத்தான் பயிற்சி வேண்டியிருக்கிறது. இன்னொரு கரைச்சல், உயிரில்லாத பொருளுக்கும் ஆண், பெண் உண்டு: மேசை பெண், புத்தகம் ஆண். அஃறிணையில் வளர்ந்த நமக்கு இதை மனப்பாடம் செய்வதைத் தவிர வேறு வழி இல்லை.

இந்த மாகாணத்துக்கு இரண்டு ஆட்சிமொழிகள், அப்பா. தெருப் பலகைகளில் பெரும்பாலும் வலென்சிய மொழி, கடைகளில் ஸ்பானிய மொழியே கூடுதலாகக் காதில் விழுகிறது. பஸ்ஸில் ஒரு பாட்டி பேரனுடன் ஒன்றிலும் சாரதியுடன் மற்றதிலும் பேசிக்கொண்டு போனார். யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன், நெடுநேரம்.

நகரத்துக்குத் தெற்கே அல்புஃபேரா என்ற ஏரி. அதைச் சுற்றி வயல், கண்ணுக்கெட்டிய தூரம் வயல்! வைகாசியில் விதைத்துப் புரட்டாதியில் அறுக்கிறார்கள். ஆண்டுக்கு ஒரு போகம்தான். 'போம்பா' என்ற குட்டை அரிசி, சாற்றை எவ்வளவு குடித்தாலும் குழையாது. எங்கள் மொட்டைக்கறுப்பன் சோற்றின் வாசம் அதில் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வரம்பில் நின்ற ஒரு கமக்காரரிடம் எனக்குத் தெரிந்த மொழியில் பேச்சுக் கொடுத்தேன். என் அப்பாவும் நெல் விதைப்பவர் என்றதும் ஒரு கதிரை உருவி உள்ளங்கையில் கசக்கி, உமியை ஊதிவிட்டு மணியை என் கையில் வைத்தார். மாரி மழைக்கு ஒரு போகம், குளத்துத் தண்ணீரில் ஒரு போகம் என்று விளக்கினேன். எனக்குச் சொல் வராமல் தடுமாறிய இடங்களில் அவர் எடுத்துக் கொடுத்தார்.

வியாழக்கிழமை நண்பகல் பேராலய வாசலில் கூடும் தண்ணீர் நீதிமன்றத்துக்குப் போகச் சொன்னவரும் அவர்தான். தூரியா ஆற்றிலிருந்து பிரியும் எட்டு வாய்க்கால்களுக்கும் கமக்காரர்களே தெரிந்தெடுத்த எட்டுப் பேர், கறுப்பு அங்கியுடன் வட்டமாக உட்காருகிறார்கள். சட்டத்தரணி இல்லை, மனு எழுதிக் கொடுப்பதும் இல்லை. முறை மாறித் தண்ணீர் பாய்ச்சியவர் அங்கேயே வாயால் பதில் சொல்ல வேண்டும். தீர்ப்புக்கு மேல் முறையீடு கிடையாது. ஆயிரம் ஆண்டுப் பழமை என்கிறார்கள். 2009இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபாக ஏற்றது. நான் போன அன்று ஒவ்வொரு வாய்க்காலின் பெயரையும் உரக்கக் கூப்பிட்டார்கள், வழக்கு ஒன்றும் வரவில்லை, சில நிமிடங்களில் எழும்பிவிட்டார்கள். நடந்ததெல்லாம் வலென்சிய மொழியில். பக்கத்தில் நின்றவர் ஸ்பானிய மொழியில் சொல்லச் சொல்ல எனக்குப் புரிந்தது. அந்த மகிழ்ச்சியை என்னவென்று எழுதுவது!

தங்கச்சியின் மகளுக்கு ஆங்கிலம் பேசக் கூச்சம் என்று எழுதியிருந்தீர்கள். பரீட்சைப் பேச்சை எடுக்காமல், அவள் விரும்புகிற எதையாவது ஆங்கிலத்தில் கேட்க விடுங்கள்.

அப்பா, அந்தக் கமக்காரர் ஒன்று கேட்டார்: உங்கள் ஊரில் இரவில் களவாக மதகைத் திறப்பவனை என்ன செய்வீர்கள்? கமக்காரர் அமைப்பு இருக்கிறது என்பது வரைதான் என்னால் சொல்ல முடிந்தது. முன்பு வயலுக்குத் தண்ணீர் பங்கிட்ட வட்டவிதானைமார் எப்படித் தீர்த்தார்கள், தண்டம் நெல்லாகவா காசாகவா என்று விபரமாக எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மறுபடியும் அந்தப் பக்கம் போகிறேன். அதற்கு முன் தங்கச்சியின் தொலைபேசியில் படம் எடுத்து அனுப்பினாலும் போதும்.

உங்கள் அன்பு மகன்