வல்லை வெளிக் காற்று

அன்பு மகளுக்கு,

இனி முழுக்க வீட்டிலிருந்தே வேலை செய்யட்டுமா, கிழமையில் மூன்று நாள் கந்தோருக்குப் போகட்டுமா என்று கேட்டாய். போனில் ஒழுங்காகச் சொல்ல வரவில்லை, அதனால் எழுதுகிறேன்.

கொழும்பில், வெள்ளவத்தையிலிருந்து போய் வருகிற இரண்டரை மணித்தியாலம் மிச்சம் என்கிறாய். சரி, மிச்சம் பிடித்த நேரம் யாருக்குப் போகிறது? பொங்கலுக்கு வந்து நின்றபோது இரவு ஒன்பதரைக்கும் உன் மடியில் லப்டொப். அம்மா போட்டு வைத்த புட்டு ஆறி விறைத்துப் போயிற்று. நான் படலையைப் பூட்டிவிட்டு வந்தும் நீ நிமிரவில்லை.

சீனாவில் சீட்ரிப் என்ற பயண நிறுவனத்தில் ஸ்டான்போர்ட் பேராசிரியர் நிக்கலஸ் புளூம் குழுவினர் நடத்திய ஆய்வு 2015இல் வெளிவந்தது. வீட்டிலிருந்தவர்களின் வேலை நூற்றுக்கு 13 கூடியது. அதில் 9, ஓய்வையும் சுகவீன லீவையும் குறைத்துக்கொண்டு கூடுதல் நிமிடம் உழைத்ததால் வந்தது. அவ்வளவு செய்தும், செய்த வேலைக்கேற்ற பதவி உயர்வு அவர்களுக்குக் கிடைக்கவில்லை. அதை வாசித்தபோது உன்னைத்தான் நினைத்தேன்.

பயணம் நல்லது என்று சொல்ல மாட்டேன். நான் வேலைக்குப் போன காலத்தில் பருத்தித்துறையிலிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் 30 கிலோமீற்றருக்கு மேல், பாதி நாட்களில் நின்றபடிதான். மாரியில் நனைந்த சட்டையோடு போய் இருந்தால் பத்து மணி வரை ஒரு ஃபைலும் நகராது. ஆனால் திரும்பி வரும்போது, கோப்பாய், நீர்வேலி மட்டும் தலைக்குள் கணக்கு ஓடும். வல்லை வெளியில் உப்புக் காற்று முகத்தில் அடிக்கும். நெல்லியடியில் உன் சயிக்கிளுக்கு டியூப் வாங்க வேண்டும் என்பது மட்டும்தான் நினைவில் இருக்கும். வீட்டுக்குள் வரும்போது நான் உன் அப்பாவாக மட்டும் வந்தேன், பிள்ளை.

அதே சீன நிறுவனத்தில் 1,600க்கு மேற்பட்டவர்களை வைத்துப் பிறகும் பார்த்திருக்கிறார்கள், 2024இல் வந்தது. புதனும் வெள்ளியும் வீட்டில், மற்ற நாள் கந்தோரில். வேலை குறையவில்லை, விலகிப் போனவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். நீயும் அப்படியே கேள். வீட்டில் இருக்கிற நாளில் ஆறு மணிக்கு லப்டொப்பை மூடிவிட்டு, தண்டவாளத்தைக் கடந்து கடற்கரையில் கொஞ்சம் நட.

அம்மா இரவு பஸ்ஸில் பனம்பழப் பினாட்டு அனுப்புகிறா. எடுத்துவிட்டு ஒரு சொல் சொல்லு.

அன்புடன்,
அப்பா