லோட்சென்டாலில் எனக்குக் கைகொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லோருக்கும்,

2025 மே மாதத் தொடக்கத்தில், சுவிஸின் லோட்சென்டால் பள்ளத்தாக்கின் உச்சியில் நான் ஸ்கீயில் விழுந்தபோது உதவியவர்களில் பலருக்குத் தமிழ் தெரியாது. முகவரி தெரிந்தவர்களுக்கு ஜெர்மனில் தனியாக எழுதிவிட்டேன். இருந்தாலும் தமிழிலும் ஒரு மடல் எழுதத்தான் வேண்டும். உதவியவர்களில் நம்மவர்களும் உண்டு. அப்புறம், பேர்ண் கோயிலிலும் தமிழ்க் கடையிலும் என் ஊன்றுகோலைப் பார்த்துவிட்டு, “எங்க பிள்ளை விழுந்தனீ, ஆர் தூக்கினது?” என்று கேட்டவர்களுக்கெல்லாம் முதல் கேள்விக்கு மட்டும்தான் பதில் சொல்லியிருக்கிறேன். இரண்டாவது கேள்விக்கு வாசலில் நின்றுகொண்டு பதில் சொல்லிவிட முடியாது.

“மேயில் ஆர் ஸ்கீக்குப் போறது?” என்றும் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கீழே மரங்கள் துளிர்த்துவிடும், கேபிள் கார்கள் பெரும்பாலும் நின்றுவிடும். ஆனால் பெரிய பனியாறுகளில் அதுதான் காலம். குளிர்காலம் முழுக்கப் பெய்த பனி இறுகி, வெடிப்புகளின் மேல் தடித்த பாலமாகக் கிடக்கும். பகல் நீளம். இரவில் வானம் தெளிவாக இருந்தால் பனியின் மேற்பரப்பு கல்லாக உறையும். காலை வெயில் பட்டு மேலே ஒரு விரலளவு மட்டும் இளகும் அந்த ஒன்றிரண்டு மணி நேரம், ரவை தூவிய தட்டில் வழுக்குவது போல ஸ்கீ போகும். அதற்குப் பிறகு வெயில் ஏற ஏற பனி கஞ்சியாகும், ஈரப் பனிச்சரிவுகள் விழத் தொடங்கும். ஆகவே எல்லாம் மணிக்கூட்டுக் கணக்கு. இருட்டில் எழும்ப வேண்டும், மதியத்துக்கு முன் கீழே இறங்கிவிட வேண்டும்.

அந்தக் கணக்கை எங்களுக்காகப் போட்டவர்களிடமிருந்தே தொடங்குகிறேன்.

சுவிஸ் மலைக்கழகம் 1863இல் ஓல்ட்டனில் தொடங்கியது. அதன் கிளைகளில் டூர் நடத்துபவர்கள் சம்பளத்துக்குச் செய்வதில்லை. எங்கள் டூர் தலைவி ஓய்வுபெற்ற ஆசிரியை. குழுவில் வந்த அத்தனை பேரின் உணவு ஒவ்வாமை முதல் ஃபெல் பட்டியின் பசை வரை கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டவர். (ஃபெல் என்பது மேலே ஏறும்போது பின்னால் வழுக்காமல் இருக்க ஸ்கீயின் அடியில் ஒட்டும் மயிர்ப்பட்டி. முன்பு கடல்நாய்த் தோல், இப்போது ஆட்டு மயிரோ நைலோனோ.) எனக்கு இந்த விளையாட்டு சொந்தப் பிள்ளைப் பருவத்தில் வந்ததில்லை, முப்பது வயதுக்குப் பிறகு வந்தது. ஒருநாளும் என்னை அவர் அதற்காகத் தனியாகப் பார்த்ததில்லை, தனியாகப் புகழ்ந்ததும் இல்லை. இரண்டாவதுதான் எனக்கு இன்னும் பிடித்தது. எங்களோடு வந்த மலை வழிகாட்டிக்கும் அவருக்கும் முதல் வணக்கம்.

டாவோஸில் இருக்கும் பனி, பனிச்சரிவு ஆய்வு நிலையத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும். மாலை ஐந்து மணிப் பனிச்சரிவு அறிக்கை வரும்போது மலையேறிகள் தங்கும் குடிலில் எல்லோரும் போனைக் குனிந்து பார்ப்பார்கள், பேச்சு நின்றுவிடும். அந்த அறிக்கைக்குப் பின்னால் தானியங்கி நிலையங்களும் கணினிகளும் உண்டு என்பது சரி. ஆனால் நாடு முழுவதும் சுமார் 200 அவதானிப்பாளர்களும் இருக்கிறார்கள். விடிகாலையில் வீட்டுக்குப் பின்னால் நட்ட அளவுகோலைப் போய்ப் பார்த்து, புதுப்பனி எத்தனை சென்ரிமீட்டர் என்று எழுதி அனுப்புகிறவர்கள். அந்த ஏப்ரல் நடுவில், லோட்சென்டால் இருக்கும் வாலிஸ் மாநிலத்தில் கொட்டிய பனியில் செர்மாட் ஊரே வெளித்தொடர்பு இல்லாமல் போனது. அந்தப் பனி எங்கே இறுகியிருக்கிறது, எங்கே இல்லை என்பதை இந்த மனிதர்களின் கணக்கு இல்லாமல் எங்கள் தலைவி முடிவெடுத்திருக்க மாட்டார்.

யுங்ஃபிராவ்யோக் ரயில் நிலையத்தில் உல்லாசப் பயணிகளுக்கு நடுவே இறங்கி, சுரங்கப் பாதை வழியாக வெளியேறி, அலெட்ச் பனியாற்றில் வழுக்கிக் கொங்கோர்டியா வெளிக்குப் போனோம். நான்கு பனியோட்டங்கள் சேரும் அந்த வெளியில் காலடியில் 800 மீட்டருக்கும் கூடுதலான பனிக்கட்டி இருக்கிறது. முதல் குடிலை 1877இல் கட்டியபோது பனியாறு அதற்குக் கொஞ்சம் கீழேதான் ஓடியதாம். இப்போது குடிலுக்குப் போகப் பாறையில் பொருத்திய இரும்புப் படிகளில் ஏற வேண்டும். 400க்கும் மேல். ஸ்கீயை முதுகில் கட்டிக்கொண்டு அந்தப் படிகளில் ஏறியவருக்குக் காலநிலை மாற்றத்தைப் பற்றித் தனியாக வகுப்பு எடுக்கத் தேவையில்லை.

கொங்கோர்டியாக் குடிலிலும் மறுநாள் ஹொலண்டியாக் குடிலிலும் எங்களுக்குச் சமைத்தவர்களே, உங்களுக்கு நன்றி. விறகு, காய்கறி, காஸ் எல்லாம் ஹெலிகொப்டரில் வரவேண்டிய இடத்தில், பனியை உருக்கித் தண்ணீர் எடுத்து, விடியுமுன் எழும்பிப் பெரிய பானையில் தேத்தண்ணீர் வைத்திருந்தீர்கள். போகிறவர்கள் தங்கள் போத்தல்களை நிரப்பிக்கொண்டு போகலாம். சாயம் குறைவு, சீனி அதிகம், பால் இல்லை. யாழ்ப்பாணத்துத் தேத்தண்ணீர் குடித்து வளர்ந்த எவரும் அதைத் தேத்தண்ணீர் என்று ஒத்துக்கொள்ள மாட்டார்கள். ஆனால் மூன்று மணி நேரம் கழித்துப் பனியில் படுத்திருந்தபோது அந்தப் போத்தல்தான் என் கையில் இருந்தது.

ஆம், விழுந்த கதை. லோட்சென்லூக்கெ கணவாயைத் தாண்டி லாங் பனியாற்றில் இறங்கினோம். அந்தச் சரிவு மேற்கைப் பார்த்தது, வெயில் பிந்தித்தான் வரும், பனி இன்னும் நன்றாகவே இருந்தது. ஓரிடத்தில் மேல் ஓடு என் இடது ஸ்கீக்கு மட்டும் உடைந்து கொடுத்தது. ஸ்கீ உள்ளே போய் நின்றது, நான் நிற்கவில்லை. முழங்காலுக்குள் ஒரு சத்தம் கேட்டது. பிறகு மருத்துவர் சொன்னது, தசைநார் அறுந்த சத்தம் என்று.

வழிகாட்டி என்னிடம் ஓடிவரவில்லை. முதலில் சுற்றிலும் கம்பியைக் குத்திக் குத்திப் பார்த்தார், கீழே வெடிப்பு இல்லை என்று தெரிந்த பிறகுதான் மற்றவர்களை நெருங்க விட்டார். அந்த நேரம் எனக்குக் கோபம்கூட வந்தது. பிறகு யோசித்தால், அன்று நடந்ததிலேயே மிக அக்கறையான காரியம் அதுதான்.

எங்களுக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த ஒரு கணவன் மனைவி நின்றார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்கள், பேச்சில் எம்மென்டால் வாசனை. அவர்கள் நிற்கவேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, நாங்கள் ஏழெட்டுப் பேர் இருந்தோம். பனி இளகிக்கொண்டிருந்த நேரம், தாமதித்தால் அவர்களுடைய இறக்கம்தான் கெடும். ஐயா மண்வெட்டியை எடுத்துச் சரிவில் ஒரு தட்டையான இடம் வெட்டினார். அம்மா தன் செம்மஞ்சள் நிறப் பாதுகாப்புப் பையை விரித்து என்னை அதற்குள் நுழைத்துவிட்டு, எனக்குப் பின்னால் உட்கார்ந்து, தன் முதுகில் என்னைச் சாய்த்துக்கொண்டார். ஹெலிகொப்டர் வரும்வரை தன் வீட்டுக் கோழிகளைப் பற்றியே கதைத்தார். ஒரு கோழிக்குப் பெயர் அஞ்சலீனா. வலியைப் பற்றி ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. அதற்காகவே அவரைக் கும்பிடலாம்.

வழிகாட்டி வானொலியில் அழைத்தார். சுவிஸில் மலை மீட்பு என்றால் எல்லோருக்கும் ரெகா என்ற மீட்பு ஹெலிகொப்டர் சேவையும் அதன் 1414 என்ற எண்ணும்தான் ஞாபகம் வரும். வாலிஸில் 144ஐ அழைக்க வேண்டும், மேல் வாலிஸில் வருவது ஏர் செர்மாட் என்ற சேவையின் ஹெலிகொப்டர். மலைக்குப் போகும் நம் பிள்ளைகள் இதைப் போனில் பதிந்து வைத்துக்கொள்ளுங்கள். சிவப்பு ஹெலிகொப்டர் வந்தபோது எங்கள் தலைவி இரண்டு கைகளையும் உயர்த்தி நின்றார், உதவி வேண்டும் என்பதற்கு அதுதான் அடையாளம். மற்றவர்கள் ஸ்கீகளின் மேல் படுத்துக்கொண்டார்கள், காற்றில் பறக்காமல் இருக்க. விமானியே, மருத்துவரே, மீட்பாளரே, உங்கள் முகங்களை நான் ஒழுங்காகப் பார்க்கவில்லை. தலைக்கவசமும் கறுப்புக் கண்ணாடியும்தான் ஞாபகம். மருத்துவர் ஊசி போடுமுன் என் பெயரை இரண்டு முறை கேட்டு, சரியாகச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் போட்டார்.

காசைப் பற்றிக் கேட்டவர்களுக்கு: வாரத்துக்கு எட்டு மணி நேரமாவது ஓரிடத்தில் வேலை செய்தால், வேலைக்கு வெளியே நடக்கும் விபத்துக்கும் முதலாளி வழியான காப்புறுதி உண்டு. என் செலவை அதுதான் பார்த்துக்கொண்டது.

வீஸ்ப் மருத்துவமனையில் என்னைப் பார்த்த தாதியருக்கும் மருத்துவர்களுக்கும் நன்றி. முக்கியமாக, அங்கே சமையலறையில் வேலை செய்யும் அன்ரிக்கு. உணவுப் பட்டியலில் தமிழ்ப் பெயரைக் கண்டுவிட்டு, வேலை முடிந்த கையோடு நாலாம் மாடிக்கு வந்து எட்டிப் பார்த்தீர்கள். அடுத்த நாள் வீட்டிலிருந்து ஒரு போத்தலில் இரசம். “உங்க மேல போய் என்னத்தைத் தேடினீங்கள்?” என்று ஏசிவிட்டுத்தான் தந்தீர்கள். குடித்த பிறகு பதில் சொல்ல எனக்குத் தெம்பு வந்தது, ஆனால் நீங்கள் போய்விட்டீர்கள்.

இனி நான் எழுதத் தயங்கும் பகுதி.

என்னைத் தூக்கிக்கொண்டு போன பிறகு, தோழர்கள் என் ஸ்கீயையும் சுமந்துகொண்டு ஃபாஃப்லெரால்ப் வழியாக பிளாட்டன் ஊருக்கு இறங்கியிருக்கிறார்கள். பஸ்ஸுக்கு நேரம் இருந்தது. கறுத்த மரவீடு ஒன்றின் முன் நின்ற அக்கா ஒருவர் அவர்களை உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுத்து, நனைந்த கையுறைகளை அடுப்பங்கரையில் காயவைத்தார். ஒரு சோடி ஸ்கீ அதிகமாக இருப்பதைப் பார்த்துக் கதையைக் கேட்டவர், “அதை இங்கேயே விட்டுவிட்டுப் போங்கள். அந்தப் பிள்ளை நடக்கத் தொடங்கியதும் தானே வந்து எடுக்கட்டும், எனக்கும் ஆளைப் பார்த்ததாகும்” என்றாராம். தொலைபேசி எண்ணையும் எழுதிக் கொடுத்துவிட்டார். வைத்தியசாலையில் இருந்து நான் எடுத்தேன். கீழ்த்தளத்தில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் பத்திரமாக இருக்கிறது என்றார். ஜூனில் வருவதாகச் சொன்னேன்.

மே 19 அளவில் பிளாட்டன் மக்கள் சுமார் 300 பேரையும் வெளியேறச் சொன்னார்கள். ஊருக்கு மேலே மலை ஆடிக்கொண்டிருந்தது, உடைந்த பாறை பிர்ஷ் பனியாற்றின் மேல் குவிந்துகொண்டிருந்தது. மே 28 பிற்பகல் பனியாறு பாறையோடு சேர்ந்து இறங்கியது. ஊரின் மிகப் பெரும்பகுதி அதற்குக் கீழே போயிற்று. தப்பிய வீடுகள் பலவற்றுக்குள் அணைபட்ட லொன்சா ஆற்றின் தண்ணீர் புகுந்தது. உயிர்ச்சேதமும் இருந்தது. முன்கூட்டியே வெளியேற்றியிராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே முடியவில்லை.

அவரை அழைக்க எனக்குக் கை வரவில்லை. என்ன சொல்வது? ஜூனில் அவரே அழைத்தார். பள்ளத்தாக்கில் கீழே உறவினர் வீட்டில் இருக்கிறாராம். வெளியேறிய அன்று பத்திரங்களையும் மருந்துகளையும் எடுத்துக்கொள்ளத்தான் நேரம் இருந்தது என்று சொல்லிவிட்டு, “உங்கள் ஸ்கீயை எடுக்க மறந்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள்” என்றார்.

வீட்டையும் ஊரையும் இழந்த ஒருவர், முன்பின் பார்த்திராத ஒருத்தியின் ஸ்கீக்காக. என் அம்மா இதைக் கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தா. 1990களில் வலிகாமத்தை விட்டு ஒரே இரவில் வெளிக்கிட்ட அம்மாவுக்கு, எடுக்க மறந்த சாமான்களின் பட்டியல் என்றால் என்ன என்று தெரியும். அந்த வெள்ளிக்கிழமை பேர்ண் முருகன் கோயிலில் அந்த அக்காவின் பெயருக்கு அர்ச்சனை செய்வித்தா. ஐயர் நட்சத்திரம் கேட்டார், அம்மா தன் நட்சத்திரத்தையே கொடுத்துவிட்டா. என் பக்கம் திரும்பி, “குன்றிருக்கும் இடமெல்லாம் குமரன் இருப்பான் எண்டு தெரியும். நீ இஞ்ச கோயில்ல வந்து பார்த்தாப் போதும்” என்றும் சொன்னா. அக்கா, உங்களுக்கு என் நன்றியை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்னும் தெரியவில்லை. ஆளைப் பார்ப்பதாகச் சொன்னீர்கள், அது நடந்துவிட்டது, உங்களோடு இருந்து குடித்த கோப்பி நல்ல கோப்பி.

வேலையிடத்தில் என் நேரங்களைத் தங்கள் தலையில் போட்டுக்கொண்ட தோழிகளுக்கும், மூன்றாம் மாடிக்குச் சோறு சுமந்த மச்சானுக்கும், முழங்காலை மடக்கச் சொல்லி என்னை அழவைத்த பிசியோ அண்ணாவுக்கும் நன்றி. மச்சான், சாப்பாட்டுப் பெட்டிகள் எல்லாம் என்னிடம்தான் இருக்கின்றன, வந்து எடுத்துக்கொள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். எம்மென்டால் ஐயா, அம்மா, உங்கள் பெயரை அன்று ஒருவரும் கேட்டு வைக்கவில்லை. உங்கள் செம்மஞ்சள் பை என்னோடு ஹெலிகொப்டரில் ஏறி, வீஸ்ப் வரை வந்து, இப்போது என் அலுமாரியில் கிடக்கிறது. கழுவிக் காயவைத்துவிட்டேன், ஒரு ஓரத்தில் மருத்துவரின் கத்தரிக்கோல் பட்ட இடத்தைத் தைத்தும் வைத்திருக்கிறேன். கோழி வளர்க்கும் மலையேறிகள் யாரையாவது அறிந்தவர்கள் இதை அவர்களுக்கு வாசித்து மொழிபெயர்த்துச் சொல்லுங்கள். மலைக்கழகத்தின் எந்தக் கிளையில் கேட்டாலும் என்னைக் கண்டுபிடித்துவிடலாம். அடுத்த பனிக்காலத்துக்கு முன் அந்தப் பை உங்களிடம் வந்து சேரவேண்டும்.

நன்றியுடன்,
பேர்ணிலிருந்து, இடது முழங்கால்காரி