மூடுபல்லக்குக்குள் யார்?

அன்புள்ள மல்லிகா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இப்போதுதான் பதில் போடுகிறேன். திட்டாதே. இங்கே எல்லாரும் நலம். சித்ரா மறுபடி வேலையை விட்டுவிட்டாள். காரணம் என்னவென்று நீயே ஊகித்துக்கொள். உன் முழங்கால் இப்போது எப்படி இருக்கிறது?

என்னை எழுத உட்கார வைத்தவள் அண்ணன் மகள் யாழினி. 'பொன்னியின் செல்வனில் இலக்கிய உத்திகள்' என்று கட்டுரை எழுத வேண்டுமாம். நோட்டில் பக்கம் பக்கமாக உவமைகளை எடுத்து எழுதி நம்பர் போட்டு வைத்திருக்கிறாள். "இன்னும் குறியீடு மட்டும்தான் அத்தை தேடணும்" என்றாள். எனக்குப் பொறுக்கவில்லை. நோட்டை மூடச் சொல்லிவிட்டு, முதல் பாகத்தை எடுத்து அவளோடு உட்கார்ந்துவிட்டேன்.

அந்த மூடுபல்லக்கு ஞாபகம் இருக்கிறதா? சோழநாட்டுத் தனாதிகாரி பழுவேட்டரையரின் பரிவாரத்தோடு வருகிறது. உள்ளே இருப்பது அவருடைய இளையராணி நந்தினி என்று ஊரே நம்புகிறது, நாமும் நம்புகிறோம். கடம்பூர் மாளிகையில் நள்ளிரவுச் சதிக்கூட்டம் நடக்கும்போது திரை விலகினால், வெளியே வருகிறவன் அவர்கள் அரியணையில் ஏற்ற நினைக்கும் இளவரசன் மதுராந்தகன்! கல்கி அதோடு விடுவதில்லை. அடுத்தமுறை அதே பல்லக்கைப் பார்க்கும் கதாநாயகன் வந்தியத்தேவன், உள்ளே மதுராந்தகன்தான் என்று நினைத்து வம்பு இழுக்கிறான். இந்தத் தடவை திரையை விலக்குகிறவள் நந்தினி. ஒரே பல்லக்கை வைத்து நம்மை இரண்டு தடவை ஏமாற்றுகிறார். எப்படி முடிந்தது? கதையின் முன்பாதியில் பெரும்பாலும் வந்தியத்தேவன் தோளுக்குப் பின்னால்தான் நம்மை நிறுத்தி வைத்திருக்கிறார். அவன் சோழநாட்டுக்குப் புதியவன். அவனுக்கு என்ன தெரியுமோ அதுதான் நமக்கும். இதற்கு நோக்குநிலை என்று பெயர் சொன்னதும் யாழினி எழுதிக்கொள்ளப் போனாள். பேனாவைப் பிடுங்கிவிட்டேன். "இந்த இடத்தில் யாருக்கு என்ன தெரியும், யாருக்குத் தெரியாது? முதலில் அதைச் சொல்" என்றேன்.

அப்புறம் வால்நட்சத்திரம். அரச குலத்துக்கு ஆபத்து என்று எல்லாரும் பேசிக்கொள்கிறார்கள். வரப்போவதை முன்கூட்டியே கோடிகாட்டும் முன்னுணர்த்தல் என்று ஒரு வார்த்தையில் எழுதிவிடலாம்தான். ஆனால் நோயாளியாகப் படுத்திருக்கும் சக்கரவர்த்தி சுந்தர சோழர் மேல் நம் பயத்தையெல்லாம் திருப்பிவிட்டு, சாவை மூத்த மகன் பக்கம் அனுப்புகிறாரே, வேலை அங்கேதான் நடக்கிறது.

இனிமேல்தான் விஷயம். அந்த மூத்த மகன் ஆதித்த கரிகாலன் சாகும் இடம். வந்தியத்தேவன் அதே அறையில்தான் ஒளிந்திருக்கிறான். இத்தனை நாள் நமக்குக் கண்ணாக இருந்தவன். சரியாக அந்த நேரத்தில் அறை இருண்டுவிடுகிறது. அவன் பார்க்கவில்லை, நாமும் பார்க்கவில்லை. குத்தியது யார் என்று கல்கி கடைசிவரை அடித்துச் சொல்வதே இல்லை. நம் கணேசன் இதைச் சொல்லித்தானே அன்றைக்கு அவ்வளவு சண்டை போட்டான், 'வாசகனை ஏமாற்றிவிட்டார்' என்று! அவனிடம் உடையார்குடிக் கல்வெட்டைப் பற்றிச் சொல். ராஜராஜனின் இரண்டாம் ஆட்சியாண்டில் வெட்டியது. கொன்ற துரோகிகள் என்று சோமன், ரவிதாசன், பரமேஸ்வரன் பெயர்கள் அதில் இருக்கின்றன. ஏன் கொன்றார்கள் என்று ஒரு சொல் இல்லை. வரலாறு வாய் திறக்காத இடத்தில் கல்கி விளக்கை அணைக்கிறார். இன்னொன்று கேள். அந்தக் கல்வெட்டு இருப்பது காட்டுமன்னார்கோயிலில், வீராணம் ஏரிக்குப் பக்கத்தில். நாவலின் முதல் பக்கத்தில் வந்தியத்தேவன் குதிரையில் வருவதும் அதே ஏரிக்கரையில்தான். தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை மல்லிகா.

சுந்தர சோழர் இளமையில் காதலித்த மந்தாகினியைப் பற்றிப் பேசும்போது மட்டும் யாழினி சும்மா இருந்தாள். எல்லாம் தெரிந்தவள், பேச முடியாதவள். அவள் உயிரோடு இருப்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது; சுந்தர சோழரோ செத்தவள் ஆவியாக வருகிறாள் என்று இரவெல்லாம் நடுங்குகிறார். நமக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாத இந்த முரண் மற்ற இடங்களில் சிரிப்புக்கு உதவும். இங்கே நெஞ்சை அடைக்கிறது. அந்த மனுஷனைப் போய் உலுக்கி, "அவள் இருக்கிறாள் ஐயா" என்று சொல்லலாம் போல இருக்கிறது. உன் பெரியம்மா கடைசி வருஷம் பேச்சில்லாமல் கிடந்தபோது நாம் எவ்வளவு கேட்காமலே விட்டோம் என்றும் நினைத்துக்கொண்டேன். அதைப் பற்றி நேரில் பேசுவோம்.

என் கவலை இதுதான். இந்தப் பிள்ளைகளுக்கு உத்திகளின் பெயர்கள் நன்றாகத் தெரிகின்றன. திரை விலகும்போது திடுக்கிட மட்டும் நேரம் கொடுக்க மாட்டேன் என்கிறார்கள். மதிப்பெண் கிடைக்குமோ என்னவோ, யாழினி இப்போது நோட்டைத் தள்ளி வைத்துவிட்டு இரண்டாம் பாகத்தில் இருக்கிறாள்.

ஒரு உதவி. உங்கள் வீட்டில் 1950இலிருந்து கல்கி இதழில் வந்ததைக் கிழித்து பைண்டு செய்த தொகுப்பு, ஓவியர் மணியத்தின் படங்களோடு இருந்ததே, கறையான் விட்டு வைத்திருக்கிறதா? இருந்தால் பல்லக்கு வரும் வாரங்களைப் படம் எடுத்து அனுப்பு. ஒவ்வொரு வாரமும் எந்த வரியில் நிறுத்தி, வாசகர்களை ஏழு நாள் காக்க வைத்தார் என்று அவளுக்குக் காட்ட வேண்டும். புத்தகத்தில் அது தெரிவதில்லை.

அன்புடன்,
வசந்தி